பூட்டிய பெட்டிக்குள் ஒரு பொட்டு

“பட்டியலை நான்தான் கம்பெனிக்குக் கொடுத்தேனாம்! பழியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பப் பார்க்கறாங்க. நான் போகமாட்டேன்மா!”

சிங்கப்பெருமாள் கோவில் ஊரில், லூர்தம்மாள் வீட்டு வாசலிலேயே சத்யப்பிரியா கொட்டித் தீர்த்தாள். போலீஸ் கைரேகைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற அந்த அம்மாள், “மொதல்ல தண்ணியக் குடி,” என்றார். அவருடைய ஆட்டோக்காரர் தசரதன், துப்பு துலக்குவதென்றால் சோறு தண்ணி மறக்கிற மனிதர், அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

விஷயம் இதுதான். ஒரகடத்தில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம். பேட்டரி கம்பெனியில் வேலை செய்யும் நாற்பத்து மூன்று பெண்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறதென்று சத்யப்பிரியா சோதித்திருந்தாள். முடிவுகளில் வெறும் எண்கள். எந்த எண் எந்தப் பெண் என்பது ஒரே ஒரு ஃபிளாப்பியில். அது பூட்டிய இரும்புப் பெட்டியில். “உங்க பேரு வெளியே போகாது” என்று ஒவ்வொருத்தியின் கையைப் பிடித்தும் சத்தியம் செய்திருந்தாள். ஆயுத பூஜை முடிந்த வாரமே கம்பெனி ஆறு பேரை நிறுத்தியது. ஆறு பேருமே ஈயம் அதிகம் இருந்தவர்கள்! மிச்சம் முப்பத்தேழு பேர் கதி?

“சாவி?” என்று ஆட்டோவில் கேட்டார் லூர்தம்மாள்.

“ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு பேராசிரியர் இழுப்பறையில, பூட்டில்லாம. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். பூஜைக்கு முன்னாடியே நான் மெட்ராஸ் போயிட்டேன்.”

நிலையத்தில் மூன்று ஆண்கள் காத்திருந்தார்கள்: கடவுள் இல்லை என்று பூஜையன்று வராந்தாவை விட்டு நகராத பேராசிரியர் ஜீவானந்தம், பியூன் எல்லப்பன், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஸ்ரீதர்.

மேஜைமேல், ஆயுத பூஜைக்கு வைத்த ஒரு கட்டு ஃபிளாப்பி கிடந்தது. உள்தகடு தெரிகிற நீள ஓட்டையிலேயே சந்தனம் அப்பியிருந்தது.

“எல்லாத்தையும் பாழாக்கிட்டான் இந்த எல்லப்பன்,” என்றார் பேராசிரியர்.

“பொட்டுன்னா நடுவுலதானே சார் வெப்பாங்க?” என்றான் எல்லப்பன்.

சத்யப்பிரியா பெட்டியைத் திறந்து ரகசிய ஃபிளாப்பியை நீட்டினாள். அதன் பெயர்ச்சீட்டின் ஓரத்தில் கடுகளவு சந்தனம், மேலே குங்குமம்.

“அம்மா, எல்லப்பன்தான்!” என்று குதித்தார் தசரதன்.

“அவசரப்படாத தசரதா,” என்றார் லூர்தம்மாள். “பூஜைக்கு வெச்ச கம்ப்யூட்டர மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கே தெரியும். ஒருத்தன் அன்னிக்கே அதத் தொட்டு, இந்த ஃபிளாப்பிய நகலெடுத்துட்டான். மனசு உறுத்தி, பொட்டு வெச்சு மன்னிப்புக் கேட்டுக்கினான். கடவுளே இல்லன்றவரு அதச் செய்வாரா? எல்லப்பனா இருந்தா ஓட்டையிலயே அப்பியிருப்பான். எங்க தொட்டா ஃபிளாப்பி கெடும்னு தெரிஞ்ச கை இது. இன்னா ஸ்ரீதர்?”

ஸ்ரீதர் பொலபொலவென்று அழுதான். “தம்பிக்கு வேலை தர்றேன்னாங்கம்மா. ஆறு பேருதான் சொன்னேன். மீதி திங்கக்கிழமை தரணும்.” சாப்பாட்டுப் பையிலிருந்து நகல் ஃபிளாப்பி வெளியே வந்தது.

சத்யப்பிரியா அதைப் பிடுங்கி, மேஜைமேல் இருந்த கத்தரியால் நாலாக வெட்டினாள்.

“சரி, இதோட விடுங்க,” என்றார் பேராசிரியர். “எதுவும் வெளியே போகலன்னு ஒரு கையெழுத்துப் போடு, சத்யா. உன் மேல இருந்த புகாரும் போயிடும்.”

“ஆறு பேர் வயித்துல அடிச்சிருக்காங்க. மாட்டேன் சார்.”

நியாயம் கேட்கக் காலையிலிருந்தே வாசலில் நின்றிருந்த மரகதம் உள்ளே வந்தாள். வேலை போன ஆறு பேரில் ஒருத்தி. “பேரு எங்களுது. மறைக்கச் சொன்னதும் நாங்கதான். இப்ப நாங்க ஆறு பேரும் லேபர் ஆபீசுல சொல்லப் போறோம். எங்க ரிசல்ட்ட மட்டும் எழுதிக் குடும்மா.”

ஆறு பேரின் முடிவுகளை எழுதி எடுத்துக்கொண்டு, முப்பத்தேழு பேரை மறுபடி பூட்டி, இரண்டு சாவியையும் சத்யப்பிரியா முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இந்தப் படி இறங்கினா உனக்கு வேலை கிடையாது!” என்று கத்தினார் பேராசிரியர்.

“அப்ப நாங்க ஏழு பேர் சார்,” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.