மூன்றாவது பாலம்

தொப்பிக்காரன் இன்று விழவில்லை.

சாலை மட்டத்துக்குக் கீழே இருந்த அந்தப் பட்டறையில், ஈயம் பற்றவைத்த புகைவாசனைக்கு நடுவே, பழைய வீடியோ கேம் பெட்டி தானாக ஆடிக்கொண்டிருந்தது. யாரும் தொடாத நேரத்தில் ஆளை இழுப்பதற்காக அது அப்படி ஆடும். திரையில் தொப்பி வைத்த குட்டி மனிதன் இரண்டு பாலங்களைத் தாண்டி, மூன்றாவதில் தவறாமல் விழுவான். விளையாட்டைச் செய்தவன் அப்படித்தான் செய்து வைத்திருந்தான், என்ன ஆனாலும் மாறாது. இன்று தாண்டிவிட்டான். அதுவும் அரைப்பாதம் பலகைக்கு வெளியே போகும்வரை பொறுத்து, கடைசி நொடியில் ஒரு தாவல்.

பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் திரையருகே குனிந்தார். அது அவருடைய தாவல். பழுது பார்க்க வந்த பெட்டியைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல், மாதக்கணக்கில் விரல் வீங்க ஆடிக் கற்றது. இம்மி முந்தினாலும் பள்ளம், பிந்தினாலும் பள்ளம். இத்தனை கறாராக, இத்தனை அழகாக ஒரு பள்ளத்தை வைத்தவனை அவர் மனதுக்குள் கும்பிட்டதுண்டு.

சந்தேகம் நேரே மனைவியின் தம்பி மேல் போனது. கூடவே தொழில் பார்ப்பவன், கை சும்மா இருக்காது.

“மாப்ள, இதுல சிப்ப மாத்துனியா?”

“நான் ஏன் மாமா அதத் தொடப்போறேன்?” மேலே வாசலிலிருந்து குரல் வந்தது. “வாங்க, டீ ஆறுது.” பின்னாலேயே ஓர் இருமல்.

புளுகுகிறான் என்று பல்லைக் கடித்தார். பொத்தானை அழுத்தித் தானே ஆடினார். மூன்றாவது பாலத்தில் விழுந்தார். மறுபடியும் ஆடினார். அதே பலகை, அதே அடி. கண் சரியாகத்தான் பார்த்தது, விரல்தான் கேட்கவில்லை. இன்னொருவர் விரலை ஒட்டவைத்தது போலிருந்தது.

பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பிளக்கைப் பிடுங்கினார். திரை அணையவில்லை.

படியேறினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கால் வழுக்கியது.

வலியே இல்லை. பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க, டீ ஆறுது.” அதே இருமல்.

ஓடினார். மூன்றாவது படி. பெட்டியின் முன்னால்.

“வாங்க, டீ ஆறுது.” இருமல்.

திரையில் பாலம் காலியாக இருந்தது, தொப்பிக்காரனைக் காணோம்.

படியின் உச்சியில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“வந்துட்டீங்களா மாமா? அக்கா ரெண்டு தடவ போன் பண்ணிட்டா.”

“கிளம்பலாம் மாப்ள,” என்றது அவருடைய குரல்.

ஷட்டர் இறங்கியது. கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கால்கள் தாமாகவே முதல் படியில் ஏறின.