நின்று சுடும் கை

கருந்திரையில் மூன்று ஒளிக்கோடுகள் சேர்ந்தால் ஓடம். கோணல் கோடுகள் வளைந்து மூடினால் விண்கல். பெயரில்லை, முகமில்லை, தெருவில்லை. விண்சுரங்க வேலைக்கு ஆளெடுக்கும் கோட்டுக்களம் என்ற தேர்வு ஆட்டம் அவ்வளவுதான். கல்லைச் சுட்டுப் பிளப்பவர் மேலே போவார். மோதிச் சிதறுபவர் கீழேயே கிடப்பார். முகம் பார்த்து வேலை கொடுத்த காலத்தை ஒழித்துவிட்டோம் என்று நாடே மார்தட்டிக்கொண்டது.

காளவாய்ப்பேட்டைத் தமயந்திக்கு மட்டும் ஐயம் தீரவில்லை. எட்டு ஆண்டுகளில் அந்தச் சுண்ணாம்புப் புகையிலிருந்து ஒருவர்கூட ஏன் மேலே போகவில்லை? ஆளுக்கு மூன்று வாய்ப்பு. அவளுக்கு இரண்டு முடிந்துவிட்டன. மூன்றாவதும் போனால் ஆயுள் முழுதும் காளவாய்ச் சூளைதான்.

பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து இரண்டு நாள் பிறர் ஆட்டங்களைப் பார்த்தாள். பக்கத்தில் தோழி ரெஜினா. அவளுக்கும் ஒரே வாய்ப்புதான் மிச்சம்.

"அங்க பாரு. பறக்குற ஓடத்துக்குப் பெரிய கல்லா, மெதுவா வருது. நடுவுல நின்னு சுத்துற ஓடத்துக்குச் சின்னச் சின்னதா சீறிக்கினு வருது."

"நடுவுல நின்னு சுத்துறது நம்ம ஆளுங்கதான்டி!" என்றாள் ரெஜினா.

உண்மைதான். பேட்டையின் பயிற்சிப் பெட்டியில் ஓடத்தை நகர்த்தும் உந்து பொத்தான் உடைந்து ஏழு ஆண்டுகள். மனு மேல் மனு கொடுத்தார்கள். எட்டிப் பார்த்தவர் எவருமில்லை. நகர முடியாதவர்கள், நின்ற இடத்திலேயே சுழன்று சுடக் கற்றார்கள். பேட்டையின் கைகளுக்கெல்லாம் அதுவே பழக்கமாயிற்று. முகம் அறியாத இயந்திரம் கையை அறிந்து வைத்திருந்தது!

தேர்வுக் கண்காணிப்பாளர் பார்த்திபனிடம் தமயந்தி நேரே போய்க் கேட்டாள்.

"சார், கல்லை அனுப்புறது யாரு?"

"மிஷினேதாம்மா. முன்னாடி ஜெயிச்சவங்க ஆட்டத்தையெல்லாம் படிச்சு வச்சிருக்கு. அவங்க மாதிரி ஆடுனா சுலபம். மாத்தி ஆடுனா கொஞ்சம் கடுமையா சோதிக்கும். இதுல சாதி எங்கம்மா இருக்கு?"

"மொதல்ல ஜெயிச்சவங்கள யாரு சார் பொறுக்குனது?"

"மொத வருஷம் மட்டும் மனுஷங்கதான்..." என்றவர், அவசரமாக ஒரு கோப்பைத் திறந்துகொண்டார்.

தமயந்தி ஒரு பலகையில் சோடா மூடியை ஒட்டினாள். அதையே உந்து பொத்தானாக அழுத்தி அழுத்திப் பத்தொன்பது நாள் கட்டைவிரலைப் பழக்கினாள்.

"நீயும் பழகுடி" என்று ரெஜினாவைக் கெஞ்சினாள்.

"நின்னுக்கினே உன்னவிட நல்லா சுடுறேன். நான் எதுக்கு மாறணும்? மிஷின் மாறட்டும்."

மூன்றாம் வாய்ப்பில் தமயந்தி பறந்தாள். திரையின் வலப்புறம் வெளியேறி இடப்புறம் நுழைந்தாள். பெரிய கற்கள் மெல்ல மெல்ல மிதந்து வந்தன. வென்றாள். பணியாணையும் கைக்கு வந்தது.

அன்று பிற்பகல் ரெஜினா நின்று சுட்டாள். கற்கள் முன்னெப்போதும் காணாத வேகத்தில் பாய்ந்தன. அவள் பிளந்த எண்ணிக்கை தமயந்தியுடையதைப் போல் இருமடங்கு; ஆயினும் கடைசிக் கல் ஓடத்தைச் சிதறடித்தது.

"எனக்கு மட்டும் ஏன் சார் இன்னும் வேகம்?"

பார்த்திபன் திரையைச் சுட்டினார். "உங்க பேட்டைப் பொண்ணே பறந்துதானே ஜெயிச்சா? பறக்குற கைதான் நல்ல கைன்னு மிஷினுக்கு இன்னும் உறுதியாயிடுச்சும்மா."

திரையில் தமயந்தியின் ஆட்டம் மீண்டும் மீண்டும் ஓடியது. பெயர் கேட்காத இயந்திரம் அன்று முதன்முறையாக ஓர் ஊரின் பெயரை எழுதியிருந்தது: காளவாய்ப்பேட்டையின் வெற்றிக் கை.

"யாரு கைடி அது?" என்றாள் ரெஜினா.

தமயந்தியின் கட்டைவிரல் பணியாணையின் விளிம்பில், அங்கே இல்லாத பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.