எர்த் இல்லாத நல்ல நேரம்

ராஜ்கமல் சுருண்டு விழுந்தது காலை 11.04-க்கு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்தது 11.35-க்கு. வயது இருபத்து மூன்று. வலது உள்ளங்கையில் ஒரு கருகல். செருப்பில்லாத கால்களில் பூஜைத் தேங்காய்த் தண்ணீர் இன்னும் பிசுபிசுத்தது.

12.10-க்கு சப்-இன்ஸ்பெக்டர் அபிராமி முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பட்டறைக்குள் நுழைந்தாள். பனியன் துணி பின்னும் மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகள் படுத்துக்கொண்டால் இங்கேதான் வைத்தியம். முதலாளி கதிர்வேல். மேஜை மேல் ஒரு புது ஆசிலாஸ்கோப். போர்டில் ஓடும் கரண்டைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. வெளிநாட்டுச் சரக்கு, அன்று காலைதான் பெட்டியைப் பிரித்திருந்தார்கள். சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை என்று ஆளைக் கொன்ற பிறகும் அது கல்யாணக் களையோடு உட்கார்ந்திருந்தது.

அதற்குக் கரண்டு கொடுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் லைனில் இல்லை, தொடாதே என்று அதற்கு அர்த்தம்.

"நீங்க பாக்கோணும்னு ஆஃப் பண்ணாம அப்படியே வச்சிருக்கேனுங்க மேடம்" என்றான் கதிர்வேல். "பிளக்கை மாட்டுனது ஆஷாங்க. ஒயரை மாத்திக் குடுத்துருப்பா. பாவம், தெரியாமத்தான்."

ஆஷா செத்தவனின் அக்கா. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, நாலு வருஷமாக இங்கே டெக்னீஷியன். தம்பியை வேலைக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான். கதிர்வேல் சொன்னதை அப்படியே எழுதினால், தம்பியைக் கொன்றவள் என்ற பெயர் அவளுக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற போலீசும் உண்டு. அபிராமி போலீசுக்கு வருமுன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவள்.

அவள் டெஸ்டர் கேட்டாள். கதிர்வேல் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. சந்தனம்தான், இன்றைக்கு எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தோம் என்றான். கருவியின் உடம்பில் வைத்துப் பார்த்தாள். டெஸ்டர் எரியவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். மூன்று ஒயரும் அதனதன் இடத்தில் கச்சிதமாக இருந்தன.

கதிர்வேல் உடனே பேச்சை மாற்றினான். "அப்படின்னா அவன்மேலதான் தப்புங்க. சிவப்பு எரியறப்ப தொடாதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கலீங்க." ஒரே மூச்சில் அக்காவை இறக்கிவிட்டுத் தம்பியை ஏற்றிவிட்டான். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

பின்பக்கம் எர்த் குழி வாயைப் பிளந்து கிடந்தது. உப்பு மூட்டையும் கரி மூட்டையும் தையல்கூடப் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தன. எலக்ட்ரீஷியன் ஜெயபாண்டி அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஒரு மணிக்குள் முடித்துவிடுகிறேன், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சினாராம். பத்தரை முதல் பதினொன்றரைதான் நல்ல நேரம், அதைத் தவறவிட முடியாது என்றானாம் கதிர்வேல். குழிக்குள் நின்றவருக்கு அலறல்தான் கேட்டிருக்கிறது. அவரும் ஆஷாவும் ராஜ்கமலை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். பட்டறையில் மிச்சமிருந்தது கதிர்வேல் ஒருவன்தான்.

12.45-க்கு ஆஷா வந்தாள். அழுது முடித்த முகம் இல்லை, இன்னும் அழத் தொடங்காத முகம். அபிராமி அவளுடைய செல்போனை வாங்கிப் பார்த்தாள். 9.50-க்கு எடுத்த போட்டோ: பெட்டி பிரித்த கருவி, எக்ஸ்டென்ஷனில் சிவப்பு விளக்கு. 10.42 வீடியோ: சூடம், தேங்காய், சுவிட்சுப் போடும் கதிர்வேல். சிவப்பு விளக்கு எரியவில்லை. 11.01 வீடியோ: தம்பி கருவிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். மேலே ஃபேன் சுழற்சி குறைந்து நிற்கிறது, எங்கோ ஒரு உறுமல், ஃபேன் மறுபடி சுற்றுகிறது.

"கரண்டு போச்சா?"

"ஆமா மேடம். மொதலாளி ஜெனரேட்டர் போட்டாக. தெனமும் போறதுதான."

இதை அதுவரை யாரும் அபிராமியிடம் சொல்லவில்லை. கரண்டு போவது திருப்பூரில் ஒரு செய்தியே இல்லை.

இப்போது திரும்பி வந்திருந்த மெயின் கரண்டில், எக்ஸ்டென்ஷனைச் செருகியிருந்த சுவர் பிளக்கின் துளைகளில் டெஸ்டரை விட்டாள். வலது துளையில் டெஸ்டர் எரிந்தது, அது சரி. ஜெனரேட்டரைப் போடச் சொல்லி மறுபடி விட்டாள். இடது துளையில் எரிந்தது. கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் வழியில் கரண்டு வந்துகொண்டிருந்தது. போன வாரம் வாடகைக்கு வந்த ஜெனரேட்டர், இணைப்பு மாறியிருந்தது. ஃபேனும் விளக்கும் அதைக் கண்டுகொள்ளாது.

அந்தச் சுவர் பிளக்கின் பலகையிலும் சந்தனப் பொட்டுகள். நடுப்பொட்டு முழுசாக இருந்தது. நாலு மூலை ஸ்க்ரூக்களில் வைத்த நாலும் பிளந்திருந்தன.

1.30-க்கு அபிராமி கதிர்வேலை உட்காரச் சொன்னாள்.

"காலைல சிவப்பு எரிஞ்சுது. பூஜைல எரியல. இப்ப எரியுது. எர்த் குழி இன்னும் மூடல, அப்புறம் எப்படி நடுவுல அணைஞ்சுது? பலகையைக் கழட்டி, நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டு விளக்கை ஏமாத்திட்டீங்க. மெயின் கரண்டுல ஒண்ணும் ஆகல. ஜெனரேட்டர் வந்ததும் அந்தத் துண்டு ஒயர் வழியா கருவி உடம்பு முழுக்கக் கரண்டு. வெறுங்கால், ஈரத் தரை. அவங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுனப்ப நீங்க துண்டு ஒயரைக் கழட்டுனீங்க. ஆனா ஸ்க்ரூ மேல பொட்டு வச்சது உங்களுக்கு ஞாபகம் இல்ல, டெஸ்டர் நுனியாலயே ஸ்க்ரூவைத் திருப்பிட்டீங்க. பொட்டை டெஸ்டர் பிடியில வைப்பாங்க கதிர்வேல், நுனியில வைக்க மாட்டாங்க."

 கதிர்வேல் பாக்கெட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஒயரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எல்லாக் கம்பெனியிலயும் பண்றதுதானுங்க. மொதோ நாள் பூஜைல சிவப்பு லைட்டு எரியலாமுங்களா? சகுனம்னு ஒண்ணு இருக்குதுங்களே. கொல்லோணும்னா பண்ணுனேன்?"

"இல்ல. ஆனா மறைக்கணும்னு பண்ணுனீங்க. அதுக்கு ஒரு பொண்ணு தலையை உருட்டப் பாத்தீங்க."

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அபிராமிக்கு அதில் ஒரு திருப்தியும் இல்லை. சகுனம் பார்க்கத் தெரிந்தவனுக்கு மத்தியானம் வரை பொறுக்கத் தெரியவில்லை.

ஆஷா வாசலில் நின்றிருந்தாள். அபிராமி அவளிடம் போய், பிளக்கில் ஒரு தப்பும் இல்லை, உன்மேல் எந்தப் பழியும் வராது என்று சொன்னாள். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பினாள்.

ஆஷா தலையாட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"செவப்பு எரியிற வரைக்கும் கிட்டப் போகாதடான்னு அவன் கையப் புடிச்சு நிறுத்துனது நாந்தான் மேடம். பூஜை முடிஞ்சு பாத்தா வெளக்கு அணைஞ்சு கெடந்துச்சு. இனி பயமில்ல, தொடுடான்னு சொன்னதும் நாந்தான்."

வாக்குமூலத் தாள் அபிராமியின் கையில் இருந்தது. அந்த வரியை மட்டும் அவள் எழுதவில்லை.