பிளாஸ்க் கொண்டுபோன பெண்

பொன்னிவயல் அடுக்ககத்தின் சங்க அறையில் பதினோரு பேர் ஆளுக்கொரு நாடிக்காப்பை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, நிறைமதி எதை உடுத்தி வந்தால் தங்களுக்குப் படபடப்பு வராது என்று பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளான தினேஷ்பாபு சார் சங்கச் செயலாளர் என்பதால் கொஞ்சம் தாமதமாக வந்தார்.

எல்லாம் மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்காகத்தான். நினைவுச்செருகி வந்தபிறகு மதிப்பெண்ணுக்கு மரியாதை போய்விட்டது. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒன்றைச் செருகினால் பாடப்புத்தகம் முழுவதும் மண்டைக்குள். எல்லாப் பிள்ளைகளும் எழுநூற்றுக்கு எழுநூறு. யாரை எடுப்பது, யாரை விடுவது என்று கையைப் பிசைந்த அரசுக்கு நம்பகமானி கைகொடுத்தது. தேர்வுக்கு வரும் பிள்ளையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏழு நிமிடம் உட்கார வைப்பார்கள். அந்தப் பக்கம் சாட்சிக் கூடத்தில் பன்னிரண்டு நோயாளிகள், கையில் நாடிக்காப்போடு. பிள்ளையைப் பார்க்கப் பார்க்க அவர்களுடைய நாடி போகும் போக்கை வைத்து நம்பகமானி தீர்ப்புச் சொல்லும். வாய் உபசாரத்துக்குப் பேசும், நாடிக்கு உபசாரம் தெரியாது என்பது கண்டுபிடித்தவர்களின் வாதம்.

கல்லூரி அனுப்பிய அறிவிப்பில் ஆண்களுக்கு ஒரே வரி: ‘சுத்தமாக வரவும்.’ பெண்களுக்கு: ‘ஏற்ற உடையில், ஏற்ற பொருட்களுடன் வரவும்.’ எது ஏற்றது என்று எழுதவில்லை. அதை எழுதாமல் விட்டதால்தான் ஊரில் நாற்பது பயிற்சி மையங்கள் பிழைத்தன.

மதியின் அம்மா பவித்ரா மையம் எதற்கும் போகவில்லை. எதிர்வீட்டில் சுஷ்மிதா அக்கா இருக்கும்போது மையம் எதற்கு? சர்க்கரைக்காரர் என்ற தகுதியில் அக்கா ஆறு முறை சாட்சிக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். எந்தப் பெண்ணைப் பார்த்து யாருக்கு நாடி எகிறியது என்று வரிசையாகச் சொல்வார். அவருடைய சொந்தப் பெண்கள் இரண்டு பேர் போய் இரண்டு பேரும் தேறவில்லை என்பதை அடுக்ககத்தில் யாரும் எடுப்பதில்லை. நாமும் எடுக்க வேண்டாம்.

மதிக்கு மருத்துவராக வேண்டும். அது இன்றைக்கு நேற்றைக்கு வந்த ஆசை இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே யாராவது இருமினால் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். ஒருநாள் லிஃப்டில் தினேஷ்பாபு சாரின் காலைப் பார்த்து, “அங்கிள், கணுக்கால் வீங்கியிருக்கு, அமுக்குனா குழி விழுதான்னு பாருங்க” என்று சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அவர் படிக்கட்டில்தான் போகிறார்.

முதல் ஒத்திகைக்கு அவள் தன் இஷ்டப்படி வந்தாள். கருநீலப் பேன்ட், வெள்ளைச் சட்டை, முதுகில் பை. உள்ளே வந்து நேராகப் பார்த்து வணக்கம் சொன்னாள். சுவர்த்திரையில் பன்னிரண்டு கோடுகளும் சேர்ந்து எழும்பின.

“ஏறுது, ஏறுது! நிறுத்து!” என்று சுஷ்மிதா அக்கா தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். எழுபத்து நாலாக இருந்தது தொண்ணூற்றாறில் நின்றது.

“அக்கா, இன்னும் அரை நிமிஷம்கூட ஆகல. ஏழு நிமிஷம் பாப்போமே” என்றாள் மதி.

“அரை நிமிஷமே தாங்கல. பேன்ட்டும் அவளும்! ரெய்டுக்கு வந்த ஆபீசர் மாதிரி. பவி, புடவைய எடு.”

பட்டுப்புடவை வந்தது. கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தவள் மாதிரி இருக்கிறாள் என்று போனது. சுடிதார் வந்தது. ‘இன்னும் படிச்சு முடிக்கல’ என்று போனது. அவள் படிக்கத்தானே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பச்சை கண்ணை உறுத்தியது. வெள்ளையைப் பார்த்து இருவருக்குத் துக்க வீடு நினைவு வந்தது. கைக்கடிகாரத்துக்கு ஆண்களின் கோடுகள் மட்டும் துள்ளின.

“மணி பாக்குற பொண்ணு நமக்காக எங்க நிக்கப் போகுது?” என்றார் தினேஷ்பாபு சார்.

“டாக்டர்னா நாடி பாக்கக் கடிகாரம் வேணும் அங்கிள்.”

“பாரு, பதில் சொல்லுது. எனக்கு மறுபடி ஏறுது.”

கடிகாரம் போயிற்று. மூக்குக்கண்ணாடி போயிற்று. இரண்டு பேனா ஆணவம், ஒரு பேனா போதும் என்றானது. பிறகு அந்த ஒன்றும் போயிற்று. முதுகுப்பைக்குப் பதில் கைப்பை, கைப்பைக்குப் பதில் துணிப்பை. பைக்குள் என்ன இருக்கிறது என்றும் தேர்வில் காட்டுவார்களாம். சானிட்டரி நாப்கின் இருந்ததைப் பார்த்து நான்கு பேருக்கு நாடி தப்பியது. நான்கில் மூவர் பெண்கள்.

“மாசம் மூணு நாள் லீவு போடுவான்னு தோணிடும்டி” என்றார் அக்கா, ஏதோ வானிலை சொல்வதுபோல.

மூன்று வாரம் இப்படியே. கடைசியில் சாம்பல் நிறப் பருத்திப் புடவை, இழுத்து மடித்துக் கட்டிய பின்னல், நிலத்தைப் பார்க்கும் கண். ஆனாலும் அக்காவின் கோடு மட்டும் எண்பத்தெட்டுக்குக் கீழே வர மறுத்தது. அந்த நேரத்தில்தான் பவித்ரா சாட்சிகளுக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளர்களை மேசையில் வைக்க வேண்டுமே என்று பிளாஸ்க்கை மகளிடம் நீட்டினாள். மதி அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் பன்னிரண்டு கோடுகளும் ஒன்றாக அடங்கின. அக்காவுடையது எழுபது.

“அப்படியே நில்லு! அசையாத!” என்று சுஷ்மிதா அக்கா கத்தியே விட்டார். “பவி, இதுதான். கெடச்சிருச்சு!”

“இன்டர்வியூக்கு யாராவது பிளாஸ்க் எடுத்துட்டுப் போவாங்களாம்மா?” என்றாள் மதி.

“நாடியே சொல்லுது. நீ நாடிய விடப் பெரிய ஆளா?” என்றாள் பவித்ரா. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பாவம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேர்வன்று வரிசையில் முன்னால் நின்றவன் ஏ பிளாக் கவின். இஸ்திரி காணாத சட்டை, கையில் ஒன்றுமில்லை, ஒரு கை பேன்ட் பைக்குள்.

“பிளாஸ்க்கா? யாருக்குடி? எனக்கு ஒரு டம்ளர் கெடைக்குமா? பயத்துல தொண்ட வறண்டு போச்சு.”

ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு உள்ளே போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு நாடியும் துள்ளிக் குதித்தன. ஐந்தாவது நிமிடத்தில் மெல்ல இறங்கி, ஏழாவதில் சமனாயின. அவன் சொன்ன இரண்டு பதிலில் ஒன்று தவறு.

மதியிடம், மூன்று நாளாக விடாத காய்ச்சலோடு வரும் குழந்தையை எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார்கள். அவள் சொன்னதைக் கேட்டுத் தேர்வாளர் இருவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் மதிப்பெண் போடுவது அவர்கள் இல்லையே. சாட்சிக் கூடத்தில் பன்னிரண்டு கோடுகளும் முதலிலிருந்து கடைசி வரை குளத்துத் தண்ணீர்போல் கிடந்தன. ஒரு நோயாளி தூங்கியே போனார்.

அரை மணியில் தீர்ப்பு வந்தது. அமைதி அளவு: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, அந்த ஆண்டின் உச்சம். பரிந்துரை: அருகாளர் பயிற்சி.

அருகாளர் என்றால், நோயாளியின் பக்கத்தில் இருந்து, தலையணை சரிசெய்து, மருத்துவர் சொன்னதைச் செய்பவர். மதி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தேர்வுக் குழுத் தலைவர் லாவண்யாவின் அறைக்கே போய்விட்டாள்.

“மேடம், என்னைப் பாத்து யாருக்குமே படபடப்பு வரல. தொண்ணூத்தெட்டு. அப்புறம் ஏன்?”

“அதனாலதான்மா.” லாவண்யாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கையில் கடிகாரம் கட்டியிருந்தார். “டாக்டரப் பாத்தா முதல்ல நாடி ஏறணும். என்ன சொல்லப் போறாளோன்னு ஒரு பயம். அது ஏறி, அப்புறம் அடங்கினாதான் நம்பிக்கை. ஏறாமலே அடங்கிக் கெடந்தா, வந்தது வேலையாள்னு அர்த்தம். ஏழு நிமிஷம் எதுக்கு வெச்சிருக்கோம்? ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும்.”

மதி தாளை மேசையில் விரித்து வைத்தாள். பிறகு, “முதல் நாள் ஏறிச்சு மேடம். அரை நிமிஷத்துல நிறுத்திட்டாங்க” என்றாள்.

“யாரு?”

“எங்க அபார்ட்மென்ட்.”

லாவண்யா தாளை அவளிடமே தள்ளினார். “ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் மானி பாக்கும். தெரியும்ல?”

“நீங்க எப்படி மேடம் உள்ள வந்தீங்க?”

“நான் வந்தப்ப இந்த மெஷின் இல்ல” என்றார் அவர். சொல்லிவிட்டு அடுத்த கோப்பைத் திறந்துகொண்டார்.

அடுக்ககத்தில் இரண்டு நாள் துக்கம் விசாரித்தார்கள். மூன்றாம் நாள், எல்லாம் நல்லதுக்குத்தான் என்றார்கள். பயிற்சி முடிந்ததும் மதிக்குப் பொன்னிவயலிலேயே வேலை போட்டார்கள். அந்த அடுக்ககத்து நாடிகள் அவளுக்கு அடங்கும் என்று ஒத்திகைக் காப்புகளிலேயே பதிவாகியிருந்ததே. “வீட்டுக்குக் கீழேயே வேலை, வெயில் படாம” என்று பவித்ரா சொல்லிச் சொல்லித் தானே நம்பிக்கொண்டாள்.

இதற்குள் மருத்துவர்களை வீணாக அலைய விடக்கூடாது என்று புதிய ஏற்பாடு வந்திருந்தது. உடம்புக்கு முடியாதவர் வீட்டுக்கு முதலில் அருகாளர் போக வேண்டும். அவரைப் பார்த்ததும் நோயாளியின் நாடி தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் காப்பில் பச்சை எரியும், மருத்துவர் வரமாட்டார். தொண்ணூறுக்கு மேல் இரண்டு நிமிடம் விடாமல் நின்றால் சிவப்பு நிலைத்து மருத்துவருக்கு அழைப்புப் போகும். அருகாளர் வாயால் சொல்லி அழைக்க முடியாது. காப்புக்கு நோயைப் பார்க்கத் தெரியாது, பயத்தைத்தான் பார்க்கும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், காலை பதினோரு மணி. சுஷ்மிதா அக்கா சோபாவில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. தாடை வலிக்கிறது என்றார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காப்பு நூற்றுப் பதினெட்டு காட்டியது. மதி உள்ளே நுழைந்ததும் நூறு, தொண்ணூற்றிரண்டு, எண்பத்திரண்டு. பச்சை.

“அப்பாடா, வந்துட்டியா! இப்பதான் உசுரே வந்துது” என்றார் அக்கா.

“அக்கா, இது ஹார்ட் அட்டாக். டாக்டர் வரணும். நீங்க கொஞ்சம் பயப்படணும்.”

“உன்னப் பாத்தா எனக்கு என்னடி பயம்?”

“நான் சொல்றதக் கேளுங்க. இப்படியே விட்டா செத்துருவீங்க.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போடி! இவ பெரிய டாக்டரு.” காப்பு எழுபத்தாறு.

மதி கதவைத் திறந்து கத்தினாள். கூட்டம் கூடியது, கூடுவதற்குப் பொன்னிவயலில் என்றைக்குமே குறைவில்லை. “அங்கிள், காரை எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று தினேஷ்பாபு சாரிடம் கெஞ்சினாள். அவர் குனிந்து காப்பைப் பார்த்தார்.

“பச்சையா இருக்கேம்மா. எதுக்குப் பதறுற?”

“அம்மா, நீயாவது சொல்லு!”

“பெரியவங்க பாத்துட்டுத்தானே சொல்றாங்க மதி” என்றாள் பவித்ரா. “கத்தாத. அக்காவுக்குப் படபடப்பு வந்துடப் போகுது.”

அக்கா கண்ணை மூடினார். தலை சாய்ந்தது. காப்பில் எண்கள் அறுபது, நாற்பது என்று இறங்கின. இறங்க இறங்க, மதியின் கையிலிருந்த, அருகாளர்களுக்குக் கொடுக்கும் திரைப்பலகையில் அவளுக்கான அமைதி மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். அக்காவைத் தரையில் இழுத்துப் போட்டாள். புடவையை வரிந்து செருகிக்கொண்டு மண்டியிட்டு, நெஞ்சுக்கு நடுவே இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு அமுக்கலும் காப்புக்கு ஒரு நாடி. நூறு, நூற்றுப் பத்து. சிவப்பு எரிந்தது. ‘அருகாளர் நோயாளியைத் தொந்தரவு செய்கிறார்’ என்று பலகை பேசியது.

“ரெண்டு நிமிஷம்! ரெண்டே நிமிஷம் விடுங்க, டாக்டர் வந்துருவாங்க!” அமுக்கிக்கொண்டே கத்தினாள்.

ஒரு நிமிடம் தாண்டியது. ஒன்றரை. அதுவரை சும்மா நின்ற கூட்டத்தில், அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க, எல்லார் நாடியும் ஏறத் தொடங்கியது.

“என்னடி பண்ற, தூங்குற மனுஷியப் போட்டு!” என்று பவித்ரா பாய்ந்து மகளின் தோளைப் பிடித்தாள். தினேஷ்பாபு சார் ஒரு கையை, இன்னும் யாரோ இன்னொரு கையை. மூவருமாக அவளைப் பின்னால் இழுத்துச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். அப்போது இரண்டு நிமிடத்துக்குப் பதினெட்டு நொடி பாக்கி.

காப்பு சிவப்பை விட்டது. ஐம்பது, இருபது, சுழி. பச்சை நிலைத்து எரிந்தது. பலகையில் நூற்றுக்கு நூறு.

“அதான் பாத்தேன்” என்றார் தினேஷ்பாபு சார், குரலைத் தாழ்த்தி. “விட்டதும் எப்படி அடங்கிட்டாங்க பாருங்க. யாரும் சத்தம் போடாதீங்க, தூங்கட்டும்.”