எண்ணாமல் சொன்ன முப்பத்திரண்டு

தலைகளை எண்ணும் வேலை எரினுக்குக் கிடைத்தது. பத்து வயதில் அது பெரிய பதவி.

ஹெப்பிள் தெரு கிளப் வருடம் ஒருமுறை சனி, ஞாயிறு இரண்டு நாள் சுற்றுலா போகும். இந்த வருடம் மலைப்பக்கத்துக் கிராமங்கள். எரினின் அம்மா கிளப்பில் வேலை பார்ப்பதால் எரினுக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது.

"பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எண்ணணும் கண்ணு. மொத்தம் முப்பத்திரண்டு பேரு. நீ சரின்னு சொன்னாதான் வண்டி நகரும்," என்றார் பிரெண்டா ஆன்ட்டி. அவர்தான் கிளப்பின் செயலாளர்.

முதல் இரண்டு நிறுத்தங்களிலும் எரின் ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டு எண்ணினாள். டிரைவர் ட்ரெவர் தொப்பியைத் தூக்கி, "உத்தரவு, மேடம்!" என்றார். பஸ்ஸே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார், மிஸ்டர் ரென்ஷா. நான்காவது வரிசை, ஜன்னல் ஓரம். பக்கத்து இருக்கையில் அவருடைய பை மட்டும்தான் இருக்கும்.

"இந்த ஜன்னல்ல காத்து வருது," என்பார். ஜன்னலை மூடினால், "மூச்சு முட்டுது," என்பார். "இதென்ன டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்பார். காலையிலிருந்து அவர் எதையும் பாராட்டவில்லை. ஆடுகளைக்கூட, "ரொம்ப அழுக்கு," என்றுவிட்டார்.

மூன்றாவது நிறுத்தம் ஒரு பண்ணை. அங்கே எரின் ஓர் ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்தாள். குட்டி வாலைச் சுழற்றிச் சுழற்றிக் குடித்ததை அம்மா போனில் படம் பிடித்தார். பஸ்ஸில் ஏறியதும் எரின் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது தடவையாக.

"எரின், எல்லாரும் வந்தாச்சா?" என்று முன்னாலிருந்து கேட்டார் பிரெண்டா ஆன்ட்டி.

"வந்தாச்சு, முப்பத்திரண்டு!"

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பஸ் கிளம்பியது.

அடுத்து நீராவி ரயில் பயணம். அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பஸ் மலையேறியது. இரண்டு பக்கமும் கல் சுவர்கள், பச்சைச் சரிவுகள். யாரோ பாட்டைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

பாட்டு முடிந்ததும் எரினின் அம்மா சுற்றிலும் பார்த்தார். "என்ன இது, பஸ் இவ்வளவு அமைதியா இருக்கு? ஜன்னல் திறந்திருக்கு, யாரும் திட்டவே இல்லையே?"

எல்லோரும் நான்காவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பை இருந்தது. மிஸ்டர் ரென்ஷா இல்லை.

எரினின் காதுகள் நெருப்பாய்ச் சுட்டன.

பஸ் ஓரமாக நின்றது. மிஸ்டர் ரென்ஷாவிடம் போன் கிடையாது. பண்ணைக்கு அழைக்கலாம் என்றால், அந்த மலையில் யாருடைய போனுக்கும் சிக்னல் இல்லை. வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

"என்ன ட்ரெவர் இது! கண்ணாடில பாக்கமாட்டியா? எண்பது வயசு மனுஷன் ஒருத்தரை விட்டுட்டு வந்திருக்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

ட்ரெவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அதில் எரினின் முகம் தெரிந்தது. அவருக்குத் தெரியும், 'முப்பத்திரண்டு' என்று கத்தியது யார் என்று.

"சரிதான். நானும் ஒருதடவை பாத்திருக்கணும்," என்றார் ட்ரெவர்.

எரின் குனிந்து போனை அம்மாவின் பைக்குள் திணித்தாள். தன் வேலையைத் தான் செய்யாததற்கு ட்ரெவர் திட்டு வாங்குகிறார். அவரோ அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

"பதினேழு மைல் வந்துட்டோம். திரும்பினா ரயிலைப் பிடிக்க முடியாது," என்றார் ட்ரெவர்.

"திருப்பு வண்டிய," என்றார் பிரெண்டா ஆன்ட்டி.

யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரயிலுக்காகவே நீலத் தொப்பி வாங்கி வைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு பாட்டியம்மா, அதைக் கழற்றி மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். எரின் அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

திரும்பும் வழியெல்லாம் அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். "வயிறு வலிக்குதா?" என்று அம்மா கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

பண்ணை வாசலில், ஈரக் கல் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார் மிஸ்டர் ரென்ஷா. மேல்கோட்டின் காலரைத் தூக்கி விட்டிருந்தார். மூன்று ஆடுகள் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிரெண்டா ஆன்ட்டி குடையோடு ஓடினார். "ரென்ஷா! உள்ள போய் உக்காந்திருக்கக் கூடாதா? வாங்க, ஏறுங்க!"

"நான் வரல. என் பைய மட்டும் குடு. நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிக்கிறேன்."

"ஏன் இப்படிச் சொல்றீங்க?"

"கொட்டகையில ஒரு பழைய டிராக்டர் இருந்துச்சு. அதப் பாத்துட்டு வெளிய வரேன், பஸ் இல்ல." அவர் குரல் நடுங்கியது. "எனக்குப் புரியாதா? காலையில பின்னாடி யாரோ சொன்னீங்க, 'இவர எங்கயாவது இறக்கி விட்டா நிம்மதி'ன்னு. எனக்குக் காது நல்லாவே கேக்கும். வேணும்னேதான விட்டுட்டுப் போனீங்க?"

பஸ் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

எரினுக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் நனைந்தது மட்டுமில்லை. தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அப்படி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது, எண்ணாமலே சொன்ன அவளுக்கு மட்டும்தான்.

அவள் எழுந்தாள். படியிறங்கித் தூறலில் போய் நின்றாள்.

"மிஸ்டர் ரென்ஷா, யாரும் வேணும்னு விடல. நான்தான் எண்ணல."

"என்னது?"

"எண்ணாமலே முப்பத்திரண்டுன்னு சொல்லிட்டேன். ஆட்டுக்குட்டி படம் பாத்துட்டு இருந்தேன்." அவள் பஸ்ஸைக் கை காட்டினாள். "ட்ரெவர் மாமா மேல தப்பே இல்ல. நான் சொன்னதக் கேட்டுத்தான் அவர் வண்டிய எடுத்தார். அவருக்குத் திட்டு விழுந்தப்போ நான் சும்மா இருந்துட்டேன். நீங்கன்னு இல்ல, அங்க யார் இல்லன்னாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்."

மிஸ்டர் ரென்ஷா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ, பிரெண்டாவே கீழ நின்னிருந்தாலும்?"

"பிரெண்டா ஆன்ட்டியையும் விட்டுட்டுத்தான் போயிருப்போம்."

அவர் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா, குளிரா, தெரியவில்லை.

பிரெண்டா ஆன்ட்டியின் முகம் சிவந்து போயிருந்தது. குடையை ரென்ஷாவின் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தார். "காலையில அப்படிச் சொன்னது நான்தான், ரென்ஷா. தமாஷுன்னு நினைச்சுச் சொன்னேன். இந்தக் குழந்தை முன்னாடி வந்து நின்னு சொல்லுது, நான் மறைக்கக் கூடாது. என்னை மன்னிச்சிருங்க."

மிஸ்டர் ரென்ஷா கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்து மெதுவாக இறங்கினார். ட்ரெவர் ஓடி வந்து கை கொடுத்தார்.

எரின் பஸ்ஸில் ஏறியபோது எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் நடுவழியில் நின்றாள். "ரயில் போனதுக்கும் நான்தான் காரணம். மன்னிச்சிருங்க," என்றாள்.

முன்பு ட்ரெவரைத் திட்டியவர் எழுந்து, "ட்ரெவர், நான் அவசரப்பட்டுட்டேன்ப்பா," என்றார். நீலத் தொப்பிப் பாட்டியம்மா தன் கம்பளித் துண்டை எடுத்து, "ரென்ஷா தோள்ல போத்தி விடு. நடுங்குறாரு பாரு," என்று எரினிடம் கொடுத்தார்.

எரின் துண்டை எடுத்துக்கொண்டு நான்காவது வரிசைக்குப் போனாள். மிஸ்டர் ரென்ஷா பையைத் தூக்கிக் காலடியில் வைத்தார்.

"உக்காரு. வளைவுல விழுந்து வைக்காத."

அவள் உட்கார்ந்தாள். பஸ் மறுபடியும் மலையேறியது.

"எவ்வளவு தூரம் போயிட்டீங்க?" என்று கேட்டார் அவர்.

"பதினேழு மைல்."

"ரயில் போச்சா?"

"போச்சு."

"எல்லாருமா திரும்பி வந்தீங்க? அடுத்த ஊருலேருந்து பண்ணைக்கு ஒரு டாக்சி அனுப்பியிருக்கலாமே."

எரின் யோசித்துப் பார்த்தாள். "யாருக்கும் அது தோணவே இல்ல," என்றாள்.

மிஸ்டர் ரென்ஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மழை வழிந்த கண்ணாடியில் அவர் சிரிப்பது எரினுக்குத் தெரிந்தது. அவள் காதுகள் இன்னும் சூடாகத்தான் இருந்தன. இருந்தாலும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.