அடிக்கு முன் வந்த அழுகை

“அடி விழறதுக்கு முன்னாடியே பிள்ளை அழுவுது சார். நீங்களே வந்து பாருங்க,” என்றாள் அவள். புரதச் சோதனைக்காக வந்திருந்த அவளுக்கு வணக்கம் சொல்லும் பொறுமைகூடக் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர், சக்திவாய்ந்த எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் அந்த சிங்க்ரோட்ரான் கூடத்தின் மூத்த பொறியாளர். கருவி எது முரண்டு பிடித்தாலும் எல்லோரும் அவரிடம்தான் ஓடுவார்கள். கூரையே இடிந்து விழுந்தாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்வார் என்பதால் ‘நிதானம்’ என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. இப்போதும் துடைத்தார்.

“கேபிள்தான் சார்,” என்று அவசரப்பட்டாள் அவருடைய உதவியாளரான லேசர்காரி. “யாரோ நீளமான கேபிளை மாட்டிட்டாங்க. சிக்னல் சுத்தி வந்து எக்ஸ் கதிர் லேட்டா பாயுது. எழுதி வச்சுக்குங்க.”

“எழுத பேனா இல்லம்மா. முதல்ல அவங்க சொல்லட்டும்.”

சோதனைக்கு வந்தவள் எத்தனையாவது தடவையாகவோ சொன்னாள். பாட்டிலிலிருந்து பம்ப் தள்ள, மெல்லிய கண்ணாடிக் குழாயில் புரதக் கரைசல் ஓடுகிறது. அதன்மேல் லேசர் ஒளியால் ஓர் அடி. கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கு கழித்து எக்ஸ் கதிர் பாய்கிறது. கதிர் சிதறி விழும் கோலம், புரதம் எப்படி விரிகிறது என்று காட்டும். சரிபார்ப்பதற்காக எக்ஸ் கதிரை லேசருக்கு முன்னாலும் அனுப்புவார்கள். அப்போது புரதம் சும்மா கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை. முன்னாலேயே விரிந்திருந்தது.

“ஒளி பட்டாத்தான் விரியும்னு என் வீட்டுக்காரர் எழுதினாரு. அவர் போன பிறகு ஆதாரம் கேக்கிறாங்க. இன்னைக்கு சாயங்காலத்தோட எங்க நேரம் முடியுது. இப்படியே போனா கட்டுரையை நானே திரும்ப வாங்கணும். அவர் வந்தா பதில் சொல்லப் போறாரு?”

நிதானம் எழுந்தார்.

கட்டுப்பாட்டு அறையில் இடமே இல்லை. சாயங்காலம் கதிரை எடுத்துக்கொள்ள வேண்டிய அடுத்த குழுவின் தலைவர், மதியமே பெட்டிகளை இறக்கி வழியை அடைத்திருந்தார். “முடியலைன்னா எழுந்துக்கலாமே. நாங்க ஆரம்பிச்சுக்கிறோம்,” என்றார்.

“பந்தி முடியறதுக்குள்ள இலையை இழுக்காதீங்க,” என்றாள் லேசர்காரி.

மூலையில் சோதனைக்கு வந்தவளின் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். அண்ணனின் ஆய்வகத்தில் புரதம் கெடாமல் வைக்கும் குளிர் அறை இவன் பொறுப்பு. கதிர்க்கூடத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. காலையில் அவள் சாப்பிடப் போனபோது திரையைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான்.

“லேசரை மூடும்மா,” என்றார் நிதானம்.

மூடியதும் விரிவு மறைந்தது. அவர் தலையாட்டினார். “அப்ப ஒளிதான் காரணம். இப்பத் திறந்துட்டு, எக்ஸ் கதிரை இன்னும் ரொம்ப முன்னாடி அனுப்பு.”

எவ்வளவு முன்னால் தள்ளினாலும் விரிவு கொஞ்சமும் குறையவில்லை.

“கேபிள் தப்புன்னா இந்நேரம் அடங்கியிருக்கணும்,” என்றார். லேசர்காரி முகத்தைத் தொங்கப்போட்டாள். அவர் கதிரைத் தடுக்கும் ஈயக் கதவுக்கு உள்ளேயிருந்து வரும் கேமராப் படத்தைப் பார்த்தார். “பாட்டில் மாத்தினீங்களா?”

“ஒரே பாட்டில்தான் சார். அவர் கையால செஞ்சது. வேற கிடையாது. சாயங்காலம் வரைக்கும் வர்ற மாதிரி காலையில இங்கேருந்தே பம்ப் வேகத்தை வச்சேன்.”

“மதியம் தாண்டியாச்சு. முக்கால்வாசி அப்படியே நிக்குதே.”

அவள் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் பாட்டிலைப் பார்க்கவே இல்லை.

“மிச்சம் இருந்தா நல்லதுதானே?” என்றான் கொழுந்தன்.

நிதானம் கண்ணாடியைக் கழற்றினார். “ஒவ்வொரு அடிக்கும் புதுப் பிள்ளை வந்து நிக்கணும். பம்ப் மெதுவா ஓடினா, அடி வாங்கின பிள்ளையே நகராம நிக்கும். அது இந்த அடிக்கு அழல. முந்தின அடிக்கு அழுவுது.”

“யார் மெதுவாக்கினது?” லேசர்காரியின் பார்வை பெட்டிக்காரர் மேல் பாய்ந்தது.

“அவர் இல்லம்மா. அவருக்கு இவங்க சீக்கிரம் கிளம்பணும். பம்பை வேகமா விட்டு பாட்டிலைக் காலி பண்ணியிருப்பாரு.”

“என்னைய்யா பேசறீங்க?” என்றார் தலைவர்.

“நீங்க பண்ணலைன்னுதான் சொல்றேன். கெடுக்க நினைச்சவர் செய்யிற வேலை இல்ல இது. காப்பாத்த நினைச்சவர் செஞ்சது. சொட்டு சொட்டா எண்ணிப் பழகின கை.”

யாரும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. கொழுந்தன் தானாகவே எழுந்து நின்றான்.

“கேட்டிருக்கலாம்ல?” என்றாள் அவள்.

“கேட்டா விடமாட்டீங்க அண்ணி. குளிர் அறையில ஒரு சொட்டு சிந்தினாலும் அண்ணன் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு. இங்க ஓடையா ஓடுது. யாரும் கண்டுக்கவே இல்ல.” குரல் இறங்கியது. “இதுவும் தீந்துட்டா, அவர் கையால செஞ்சதுன்னு வேற என்ன இருக்கு?”

திட்டுவதற்கு அவள் எடுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. போன மாதம் அவருடைய சட்டைகளை மடித்து, கொடுக்க மனம் வராமல் மறுபடி அலமாரிக்குள் வைத்தவள் அவள்.

“மூடி வச்சுக் கும்பிடறதுக்கா உங்க அண்ணன் இதைச் செஞ்சாரு? தலைவலிடா உன்னோட,” என்றாள். “வா. நீயே வேகத்தைக் கூட்டு.”

கூட்டினான். பாட்டிலில் மட்டம் கண்ணெதிரே இறங்கத் தொடங்கியது. திரையில் விரிவைக் காட்டும் கோடுகளில் லேசருக்கு முந்தையது மெல்லத் தணிந்து, தரையோடு தரையாகப் படுத்தது. லேசருக்குப் பிந்தைய கோடு எழுந்தது, அவள் கணவர் எழுதி வைத்திருந்த இடத்தில், அவர் எழுதியபடியே.

“கேபிள் நல்லாத்தான் இருக்கு,” என்று லேசர்காரி யாரும் கேட்காமலேயே ஒப்புக்கொண்டாள்.

சாயங்காலம் பெட்டிகள் உள்ளே வந்தன. கொழுந்தன் காலி பாட்டிலை எடுத்தான். அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் அண்ணனின் கோணல் கையெழுத்து. பழக்கத்தில் கால்கள் கழுவும் தொட்டிப் பக்கம் நடந்தன.

“டேய்,” என்றாள் அவள். “அதைக் கழுவிடாத.”