சின்னத் தலைகளைத் தொடாத திருடன்

மகாஜனங்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது: டாலர் வாங்குவோர் தலையில் அரசாங்கம் கட்டியிருந்த வரி நாளைக் காலை முதல் ஒழிகிறது. தேசம் பிழைத்தது. பிழைக்க வைத்தவர், பொருளாதார ஆலோசகர் டாக்டர் எவாரிஸ்தோ லகுனஸ்.

இந்த அறிக்கையைக் கண்ணாடி முன் நின்று டாக்டர் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்துவந்தார். நாட்டுக்கு வாசித்துக் காட்டுவதற்குள் அவர் வீட்டிலேயே களவு போய்விட்டது.

புவனெஸ் ஐரிஸ், பிற்பகல். இன்ஸ்பெக்டர் நெலிதா பெர்த்தோலி சமையலறையில் குளிர்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மாட்டு நாக்கு இருந்த இடத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. டாக்டரின் மனைவி மிர்த்தாவுக்கு அவள் அப்பா இரும்புக்கடையை விற்றுக் கொடுத்துவிட்டுப் போன டாலர் அதில்தான் இருந்தது. இப்போது மிஞ்சியவை சில நோட்டுகள். "நம் நாட்டுப் பணமான பெசோவை நம்புங்கள்" என்று வாராவாரம் தொலைக்காட்சியில் உபதேசிக்கிறவர் வீட்டில் டாலர் நாக்குக்கு அடியில் கிடந்ததில் நெலிதாவுக்கு வியப்பில்லை. நெலிதாவின் சொந்த டாலர் பழைய காலுறைக்குள் இருந்தது.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? வேலைக்காரிதான். கூட்டிட்டுப் போங்க. நான் அமைச்சரைப் பார்க்கணும், நாளைக்கு டாலர் வரியை ஒழிக்கறோம்" என்றார் டாக்டர், வீங்கிய தோல்பை ஒன்றை மடியில் அணைத்தபடி.

வேலைக்காரி எர்மெலிந்தா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பையைத் தரையில் கொட்டிக் கிளறியிருந்தார்கள். வாசலில் விலங்கோடு ஒரு போலீஸ்காரர்.

"பராகுவேயில எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா. நான் உள்ள போனா அதுங்களுக்குக் கஞ்சி ஊத்த யாரு? அம்மா சமைக்கச் சொன்னாங்கன்னு நாக்கை எடுத்தேன். அவ்வளவுதான்."

"மிச்சம் இருக்கறது என்ன நோட்டு?" என்று கேட்டார் நெலிதா.

"சின்னத் தலை. குகைக்காரன் விலையில கழிச்சுக்கிட்டுத்தான் எடுப்பான்" என்றாள் மிர்த்தா.

படத்திலிருப்பவரின் தலை சிறிதாக அச்சான பழைய நூறு டாலர் நோட்டு அது. அச்சடித்த அமெரிக்காக்காரனுக்கே அது நல்ல நோட்டுதான். குகை என்று ஊரார் சொல்லும் கள்ளப் பணமாற்றுக் கடையில் மட்டும் அதற்குத் தீட்டு.

நெலிதாவின் பார்வை மிர்த்தாவின் தம்பி தீத்தோ பக்கம் திரும்பியது. குதிரைப் பந்தயத்தில் கோட்டைவிட்டவன்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? நான் எடுத்திருந்தா தலை பெரிசா சின்னதான்னா பார்த்துக்கிட்டிருப்பேன்? நாக்கையும் சேர்த்துல்ல தூக்கியிருப்பேன்!"

அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட முதல் அறிவுள்ள பேச்சு அது.

"டாக்டர், வரி போறது யார் யாருக்குத் தெரியும்?"

"அமைச்சருக்கும் எனக்கும். என் சம்சாரத்துக்கே இப்பத்தான் சொன்னேன். பரம ரகசியம்!"

"போனா டாலர் என்ன ஆகும்?"

"விழும். பாறாங்கல் மாதிரி விழும். பொருளாதாரத்துல இது அரிச்சுவடி."

"அப்போ இன்னைக்கு வித்தவன், நாளைக்கு அதே டாலரை மலிவா திருப்பி வாங்கிடலாம்?"

"தாராளமா..." டாக்டர் வாயை மூடிக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

"முதல் போடாத திருடனுக்குக் கழிவு போக வந்ததெல்லாம் லாபம். எதையும் விட்டுட்டுப் போக மாட்டான்" என்றார் நெலிதா. "கழிவுக்குப் பயப்படறவன், எடுத்ததைத் திருப்பி வாங்கி வைக்கணும்னு நினைக்கறவன். டாலர் விழும்னு முன்னாலேயே தெரிஞ்சவன். பையைத் திறங்க டாக்டர்."

"இது அரசாணை! ராஜ ரகசியம்!"

"ஒரு வரியை எடுக்க ரெண்டு தாள் போதும். உள்ள செங்கல் அடுக்கின மாதிரியில்ல இருக்கு?"

மிர்த்தா பையைப் பிடுங்கித் திறந்தாள். ரப்பர் வளையம் போட்ட பெசோக் கட்டுகள். அவற்றின் அடியில் கசங்கிப்போய் தேசத்தின் மீட்சி.

"காலையில வித்தேன், மிர்த்தா. நாளைக்கு ஒரு நோட்டுக் குறையாம வச்சிருப்பேன். லாபம் நமக்குத்தானே!"

"அதுவரைக்கும் இவ ஜெயில்ல கிடக்கணுமா?"

"ஒரு ராத்திரிதானே..."

நெலிதா தன் உத்தியோகத்தில் கொலைகாரர்களையும் பார்த்திருக்கிறார். அவர்கள் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.

எர்மெலிந்தா தன் பொருள்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "நாக்கு வெந்துடுச்சு. அடுப்பை அணைக்கவாவது உங்களுக்குத் தெரியும்னு நினைக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, விலங்கைத் தாண்டி நடந்தாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எங்கப்பா டாலர் முழுசா வரணும். இல்லேன்னா புகார் உன் பேர்லதான்" என்றாள் மிர்த்தா. அதுவரை அவரை நீங்கள் என்றே அழைத்தவள்.

"வந்துடும். அரிச்சுவடிதானே" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை வரி ரத்தானது. டாலர் விலை ஏறியது.